பின்சக்கரங்கள் போகும் வழி

காரோட்டுபவரின் கண்ணும் கருத்தும் முன்சக்கரங்களின் மேலேயே இருக்கின்றன. திருப்புவதும் அவற்றைத்தான், கல்லுக்கும் குழிக்கும் விலக்கிக் காப்பதும் அவற்றைத்தான். பின்சக்கரங்கள் எப்படியும் பின்னால் வந்து சேர்ந்துவிடும் என்பது எல்லாருக்கும் உள்ள நம்பிக்கை. அந்த நம்பிக்கை பெரும்பாலும் பொய்ப்பதில்லை. பொய்த்துவிட்டாலோ, அதைக் கண்டுகொள்ளவே மாதங்கள் ஆகின்றன. பின்சக்கரத்தின் கோளாறு பின்சக்கரத்தில் தெரிவது அரிது. ஓட்டுபவரின் கையில் இருக்கும் ஸ்டீயரிங்கிலும், அடியே படாத வேறொரு சக்கரத்தின் டயரிலும் போய் அது தன்னைக் காட்டிக்கொள்கிறது.

பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், பீடோர் வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பணியாற்றும் ஆசிரியர் ஒருவரின் காருக்கு இதுவே நேர்ந்தது. 2005-ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த பெரோடுவா மைவியின் முதல் தலைமுறையைச் சேர்ந்த கார் அது. ஆண்டுகள் பல ஓடியும் ஆசிரியரின் கையில் அது பழுதறியாமல் இருந்தது. நவம்பர் மாதத்து மாலை மழையில், தாப்பாவிலிருந்து பீடோருக்கு வரும் பழைய பெருஞ்சாலையில் ஒரு வலப்பக்க வளைவு. செம்பனைக் குலைகளை ஏற்றிச் சென்ற லோரி ஒன்று உதிர்த்துவிட்டுப் போன பழங்கள் நசுங்கிச் சாலையில் எண்ணெய் பூசியிருந்தன. காரின் வால் இடப்பக்கம் வழுக்கியது. இடப்பின் சக்கரம் சாலையோரக் கல்லில் மோதி நின்றது. உயிருக்கு ஒன்றுமில்லை. சக்கரமூடி உடைந்தது, இரும்பு ரிம்மின் விளிம்பு நசுங்கியது. கதவிலோ பம்பரிலோ ஒரு கீறலும் இல்லை.

1987-ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் சொல்கிறபடி 24 மணி நேரத்துக்குள் காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுத்தார் ஆசிரியர். காப்புறுதி நிறுவனத்திடம் மட்டும் இழப்பீடு கேட்கவில்லை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து இழப்பீடு கேட்காதவருக்குச் சந்தாவில் 55 விழுக்காடு கழிவு உண்டு. ஒருமுறை கேட்டுவிட்டால் அந்தக் கழிவு அற்றுப்போய் மீண்டும் அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஒரு ரிம்முக்காக அதை இழப்பானேன் என்று அவர் கணக்கிட்டார். அன்று கண்ணுக்குத் தெரிந்த சேதத்தை வைத்துப் பார்த்தால் கணக்கு சரிதான்.

புது ரிம் மாட்டியபின் ஒரு மாற்றம் தெரிந்தது. நேர்ச்சாலையில் செல்லும்போதும் ஸ்டீயரிங்கைச் சிறிது இடப்பக்கம் திருப்பிப் பிடித்திருக்க வேண்டியிருந்தது. ஆசிரியர் காரை அலைன்மெண்ட் கடை ஒன்றுக்குக் கொண்டு சென்றார். அங்கே முன்சக்கரங்களை மட்டும் அளந்தார்கள். அவற்றைத் திருப்பும் தண்டுகளை முறுக்கினார்கள். அரைமணி நேரத்தில் ஸ்டீயரிங் நேராக வந்துவிட்டது. கையை எடுத்தாலும் கார் நூல் பிடித்தாற்போல் ஓடியது. ஆசிரியர் மனநிறைவோடு பணத்தைக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதன்பின் காரை ஓட்டியவர் பெரும்பாலும் அவருடைய மகள். தஞ்சோங் மாலிமில் உள்ள சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சிக்குப் படிக்கும் பெண். 1922-இல் தொடங்கிய ஆசிரியர் கல்லூரியின் வழிவந்தது அது. வார இறுதியில் வீடு வந்து, ஞாயிறு மாலையில் சுங்கை, சிலிம் ரிவர் வழியாகப் பழைய சாலையிலேயே திரும்பிச் செல்வாள். இரண்டாம் வாரமே தந்தையிடம் சொன்னாள்: "அப்பா, இடப்பக்கம் வளையும்போது ஒன்றும் இல்லை. வலப்பக்கம் வளையும்போது மட்டும் பின்னால் யாரோ தள்ளுகிற மாதிரி இருக்கிறது." புதிதாக உரிமம் எடுத்தவள், மழைக்காலம், அச்சம் இருக்கத்தானே செய்யும் என்று ஆசிரியர் தேற்றி அனுப்பினார். மெதுவாகப் போ என்றார். அவள் மெதுவாகத்தான் போய்க்கொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்தில் காரின் பின்புறத்திலிருந்து ஒரு முனகல் ஒலி எழத் தொடங்கியது. வேகம் கூடக்கூட அதுவும் கூடியது. சக்கரத்தின் பேரிங் போயிருக்கும் என்று சிலர் சொன்னார்கள். கல்லில் மோதிய சக்கரத்துக்கு அது நடக்கக்கூடியதே. ஆசிரியர் பீடோரில் உள்ள ஒரு சிறு பட்டறைக்குக் காரைக் கொண்டு சென்றார். எழுபதை நெருங்கிய பட்டறைக்காரர், இளமையில் தோட்டத்து டிராக்டர் கொட்டகையில் தொழில் பழகியவர். தோட்டத்துத் துரைமாரும் கிராணிமாரும் விட்டுச்சென்ற மோரிஸ் மைனர் கார்களில் கை பழகியவர்.

பட்டறைக்காரர் முதலில் கேட்டது காரைப் பற்றியன்று. "இப்போ யார் ஓட்டுறா சார்? அந்தப் பிள்ளை என்ன சொல்லுது?" என்றார். ஆசிரியர் சற்றுத் தயங்கி மகள் சொன்னதைச் சொன்னார். பெரியவர் தலையாட்டிக்கொண்டு பின்சக்கரத்தின் அருகே குந்தினார்.

டயரின் மேல் உள்ளங்கையை வைத்துக் குறுக்கே தடவிப் பார்த்தார். உள்ளிருந்து வெளியே தடவினால் வழுவழுப்பு. வெளியிலிருந்து உள்ளே தடவினால் ரம்பப் பல்லைப் போல் கையைக் கீறியது. பின்னர் வலப்பக்கத்துக்குப் போய் அங்கும் அதையே செய்தார். அடிபடாத வலப்பின் டயரிலும் அதே பற்கள் இருந்தன. காரைத் தூக்கிச் சக்கரத்தின் தலையையும் அடியையும் பிடித்து ஆட்டினார், ஆட்டமில்லை. சக்கரத்தைச் சுழலவிட்டு, அருகிலுள்ள சுருள்வில்லின் மேல் விரல் வைத்துக் கேட்டார். பேரிங் கெட்டிருந்தால் விரலில் ஏறும் கரகரப்பு அங்கே இல்லை. பின் டயர்களை முன்னுக்கும் முன் டயர்களைப் பின்னுக்கும் மாற்றி ஓட்டச் சொன்னார். முனகல் ஒலியும் முன்னுக்கு மாறிவிட்டது. ஒலி பேரிங்கிலிருந்து எழவில்லை, பல் விழுந்த டயரிலிருந்து எழுகிறது என்பது அதோடு உறுதியாயிற்று. பேரிங் மாற்றும் செலவு மிச்சம். ஆனால் டயரில் ஏன் பல் விழுந்தது?

பட்டறை முற்றத்துச் சிமெண்டுத் தரையில் ஒரு வாளி நீரை ஊற்றச் செய்து, அந்த ஈரத்தின் வழியாகக் காரை மெல்ல நேரே தள்ளினார்கள் பட்டறைப் பையன்கள். காய்ந்த தரையில் நான்கு சக்கரங்களின் தடமும் விழுந்தன. இரு பக்கத்திலும் பின்சக்கரத்தின் தடம் முன்சக்கரத்தின் தடத்துக்கு இடப்பக்கமாக விலகி விழுந்திருந்தது. திடலைக் குறுக்கே கடந்தோடும் நாயைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும்: தலை ஒரு புறமும் இடுப்பு ஒரு புறமுமாக ஓடும், ஆனால் போகுமிடத்துக்கு நேராகவே போய்ச் சேரும்.

"நேராப் போறது வேற சார், நேரா இருக்கிறது வேற" என்றார் பெரியவர். மோரிஸ் மைனரின் பின்புறத்தில் பட்டைவில் உண்டு. வில்லின் நடுவில் அச்சைப் பிடித்திருக்கும் ஆணி அறுந்துவிட்டால் அச்சு நகர்ந்து, அந்தக் காரும் இப்படியே கோணி ஓடும். ஐம்பது ஆண்டுக்கு முன் கண்ட நடையை அவர் புதுக்காரில் அடையாளம் கண்டுகொண்டார்.

மைவி போன்ற சிறு கார்களின் பின்புற அமைப்பு பட்டைவில்லைவிட எளியது. அதிர்வைத் தாங்கும் இவ்வமைப்புக்குத் தமிழில் எந்தப் பெயரை வைத்து எழுதினாலும், பட்டறையில் சஸ்பென்ஷன் என்றால்தான் சாமான் கைக்கு வரும். இரு பக்கமும் ஒவ்வொரு இரும்புக் கரம். கரத்தின் முன்முனை, ரப்பர் புஷ்ஷின் வழியாகக் காரின் உடலோடு பூட்டப்பட்டிருக்கும். பின்முனையில் சக்கரம் நிற்கும். இரு கரங்களையும் குறுக்கே ஒரு தகட்டு உத்தரம் இணைக்கிறது. இதன் நுட்பம் அந்த உத்தரத்தில் இருக்கிறது. முழுக் குழாயாக இல்லாமல் ஒருபுறம் திறந்த தகடாக இருப்பதால் அது முறுக்கத்துக்கு இடங்கொடுக்கும். ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் உத்தரம் முறுகி, மற்றச் சக்கரத்தை ஓரளவு தன் போக்கில் விடும். 1974-இல் வந்த வோக்ஸ்வேகன் கோல்ஃப் இம்முறையை உலகெங்கும் பரப்பியது. மலிவு, எடை குறைவு, இடமும் குறைவு. ஒரு குறை: முன்சக்கரத்தைத் திருத்த முறுக்குத் தண்டு இருப்பதுபோல் பின்சக்கரத்தின் திசையைத் திருத்த இதில் ஒரு திருகாணியும் இல்லை. தொழிற்சாலையில் எப்படிப் பிறந்ததோ அப்படியே ஆயுள் முழுதும் இருக்க வேண்டும். அதனால்தான் அலைன்மெண்ட் கடைகளிற் சில பின்புறத்தை அளப்பதே இல்லை. திருத்த முடியாததை ஏன் அளப்பது என்று எண்ணுகிறார்கள் போலும்! அளந்தால்தானே கெட்டிருப்பது தெரியும்?

பெரியவரிடம் பெரிய பொறி எதுவுமில்லை. தூண்டில் நூலும் எஃகு அளவுகோலும் இருந்தன. காரின் உடலில் ஜாக் வைக்கும் இடங்களிலிருந்து அளந்து, உடலுக்கு இணையாக இரு பக்கமும் நூல் கட்டினார். நூலிலிருந்து ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் உள்ள தூரத்தைத் தனித்தனியே அளந்தார். இடப்பின் சக்கரத்தில் இரண்டுக்கும் 5 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு. சக்கரத்தின் மூக்கு வெளியே பார்த்தது. வலப்பக்கம் 1 மில்லிமீட்டர் அளவே, அதுவும் முறைப்படி உள்நோக்கி. மறுநாள் நான்கு சக்கரங்களையும் அளக்கும் பொறியுள்ள வேறோர் கடையில் தாள் எடுத்தார்கள். ஒரு பாகையை 60 பங்காக்கினால் இடப்பின் சக்கரம் 50 பங்கு வெளிநோக்கியும் வலப்பின் சக்கரம் 10 பங்கு உள்நோக்கியும் நின்றன. நூல் சொன்னதையே பொறியும் சொன்னது. மோதிய சக்கரத்தின் தலையும் சற்று வெளியே சாய்ந்திருந்தது, அடிப்பகுதி கல்லில் பட்டு உள்ளே தள்ளப்பட்டதால்.

இவ்வளவு சிறிய கோணத்தால் என்ன வந்துவிடும் என்று மாணவர்கள் கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரு பின்சக்கரங்களும் சேர்ந்து காரை உந்தும் திசை, இரண்டுக்கும் நடுவே அமைகிறது. இடப்பக்கம் பார்ப்பது 50 பங்கு. வலச்சக்கரமும் இடப்பக்கமே பார்க்கிறது, 10 பங்கு. கூட்டிப் பாதியாக்கினால் 30 பங்கு, அதாவது அரைப் பாகை. மைவியின் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் இடையே 2.44 மீட்டர். அந்த நீளத்தில் அரைப் பாகை என்பது 2 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். ஈரத் தடம் விலகியது அவ்வளவே. சக்கரங்கள் இரண்டும் தாம் பார்க்கும் திசைக்கும் கார் போகும் திசைக்கும் நடுவே 20 பங்கு வேறுபாட்டோடு இழுபடுகின்றன. கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 6 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுவதற்கு அது சமம். அடிபடாத டயரில் பல் விழுந்த காரணம் இங்கே இருக்கிறது: கூட்டாளியின் கோணலில் பாதியை அதுவும் சுமந்தது.

மகள் சொன்னதற்கும் விடை இதில் உண்டு. வலப்பக்கம் வளையும்போது காரின் பாரம் இடப்பக்கச் சக்கரங்களின் மேல் விழுகிறது. பின்புறத்தில் பாரம் தாங்கும் அந்தச் சக்கரமே வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறது. வாலை வெளியே இழுத்துச் செல்லத்தான் அது முயலும். இடப்பக்கம் வளையும்போது பாரம் நல்ல சக்கரத்தின் மேல் விழுவதால் குறை தெரியாது. காய்ந்த சாலையில் டயரின் பிடிப்பு இதை மறைத்துவிடும். நனைந்த சாலையில் மறைக்கப் பிடிப்பு ஏது? ஆசிரியர் அந்தத் தாளை நெடுநேரம் கையில் வைத்திருந்தார். மழை பெய்த ஞாயிற்றுக்கிழமைகள் எத்தனை என்று எண்ணியிருப்பார்.

அலைன்மெண்ட் கடையில் நடந்தது இப்போது விளங்கிற்று. ஸ்டீயரிங் இடப்பக்கம் கோணி நின்றதுதான் நோயின் ஒரே வெளியடையாளம். முன்சக்கரங்களைக் கோணலுக்கு ஏற்பத் திருப்பி வைத்து அந்த அடையாளத்தை அழித்துவிட்டார்கள். காய்ச்சல்காரரின் காய்ச்சல்மானியை உடைத்தாற்போல.

இனி, வளைந்தது எது என்று காண வேண்டும். சக்கரத்தைத் தாங்கும் ஹப்பா, கரத்தோடு கூடிய உத்தரமா, காரின் உடலில் கரம் பூட்டியிருக்கும் இடமா? உடலே நசுங்கியிருந்தால் செலவு வேறு, கவலையும் வேறு. முன் ஹப்புக்கும் பின் ஹப்புக்கும் இடையிலான தூரம் இரு பக்கமும் ஒத்திருந்தது. புஷ் பூட்டிய இடங்களில் சாயமோ பற்றவைப்போ வெடிக்கவில்லை. உடல் தப்பியது. இடப்பக்க ஹப்பை வலப்பக்கமும் வலப்பக்க ஹப்பை இடப்பக்கமும் மாற்றிப் பூட்டிவிட்டு மீண்டும் நூல் பிடித்தார் பெரியவர். கோணல் ஹப்போடு போகாமல் இடப்பக்கத்திலேயே நின்றது. ஆகவே ஹப்பும் குற்றமற்றது. உத்தரத்தைக் கழற்றித் தரையில் கிடத்தி, இடமுன் புஷ்ஷிலிருந்து வலப்பின் முனைக்கும் வலமுன் புஷ்ஷிலிருந்து இடப்பின் முனைக்கும் குறுக்காக அளந்தார். செவ்வகத்தின் மூலைவிட்டங்கள் சமமாக இருக்க வேண்டும் என்பது தொடக்கப்பள்ளிப் பாடம். இங்கே 6 மில்லிமீட்டர் குறைந்தது. இடக்கரம் உத்தரத்தோடு சேரும் இடத்தில் உள்ளே மடங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத மடிப்பு, அளவுகோலுக்குத் தெரிந்தது.

பக்கத்து வெல்டிங் கடைக்காரர், சூடேற்றி நிமிர்த்தினால் அரைநாள் வேலை என்றார். செலவை நினைத்து ஆசிரியருக்கும் அது நல்ல யோசனையாகவே பட்டது. பெரியவர் உடன்படவில்லை. முறுகி முறுகி மீளுவதற்கென்றே செய்த இரும்பு அது. தீயில் சிவந்த இடம் தன் குணத்தை இழக்கும். அல்லது மடிந்த இடத்தில் மயிரிழை வெடிப்பு முன்பே ஓடியிருக்கும். "நிமித்திடலாம் சார். நிமித்தின இடம் எந்த வளைவுல விடும்னு என்னால சொல்ல முடியாது. ஓட்டப்போறது பிள்ளை" என்றார். ஹப்புக்கும் கரத்துக்கும் இடையே சாய்வான மெல்லிய தகடு வைத்துக் கோணத்தைச் சரிக்கட்டும் முறை ஒன்றும் உண்டு. பிறவியிலேயே இம்மி பிசகிய நல்ல இரும்புக்கு அது பொருந்தும். மடிந்த இரும்பை மறைக்க அதைப் பயன்படுத்துவது அலைன்மெண்ட் கடைக்காரர் செய்ததையே இன்னொரு முறை செய்வதாகும்.

புதிய உத்தரம் வாங்கவும் ஆசிரியருக்கு அம்மாதம் இயலவில்லை. விபத்துக் கார்களைப் பிரித்துச் சாமான் விற்கும் கடைக்குப் போனார்கள். பட்டறைக்காரர்கள் மலாய்ச் சொல்லாலேயே அதைப் 'பொத்தோங்' கடை என்பார்கள். அளவுகோலும் நூலும் கூடவே சென்றன. முதலில் காட்டிய உத்தரம் சாயம் மங்காமல் அழகாக இருந்தது, மூலைவிட்டம் ஒத்துவரவில்லை. பின்னாலிருந்து மோதப்பட்ட காரிலிருந்து கழற்றியது என்று கடைக்காரர் பிறகு ஒப்புக்கொண்டார். இரண்டாவது துருப்பிடித்துக் கிடந்தது. அளவு மில்லிமீட்டர் பிசகாமல் இருந்தது. முன்புறம் நசுங்கிய காரின் பின்புறம் அது. அதையே வாங்கினார்கள். மேல்துருவைச் சுரண்டிப் பார்த்து, உள்ளே இரும்பு அரிபடவில்லை என்று கண்டபின்பே பணம் கைமாறியது.

பூட்டும் வேலையில் பெரியவர் பையன்களை ஓரிடத்தில் மட்டும் நிறுத்திவைத்தார். புதிய புஷ்களைப் போட்டு ஆணிகளை நுழைத்தாயிற்று, முறுக்கவிடவில்லை. கார் தூக்கில் இருக்கும்போது கரங்கள் கீழே தொங்கும். அந்த நிலையில் முறுக்கிவிட்டால், காரைத் தரையில் இறக்கியதும் புஷ்ஷின் ரப்பர் எந்நேரமும் முறுகிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். சக்கரங்களைத் தரையில் வைத்து, கார் தன் பாரத்தில் உட்கார்ந்தபின் அடியில் படுத்துக்கொண்டு ஆணிகளை இறுக்கினார்கள். கழற்றிய பிரேக் குழாய்களில் புகுந்த காற்றை வெளியேற்றினார்கள். இடப்பக்க அப்சோர்பரின் தண்டும் இலேசாக வளைந்திருந்ததால் இரு பக்கமும் புதிதாகப் போட்டார்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதும் புதியதும் ஒத்துழைக்கமாட்டா.

மீண்டும் நான்கு சக்கர அளவு. இடப்பின் சக்கரம் உள்நோக்கி 8 பங்கு, வலப்பின் சக்கரம் உள்நோக்கி 10 பங்கு. உந்தும் திசையில் எஞ்சிய கோணல் ஒரே ஒரு பங்கு. ஆனால் ஸ்டீயரிங் இப்போது வலப்பக்கம் கோணிக்கொண்டது! ஆசிரியர் திடுக்கிட்டார். முன்சக்கரங்கள் இன்னமும் பழைய கோணலுக்கு ஏற்பத் திருப்பப்பட்டிருந்தன என்பதைப் பெரியவர் நினைவூட்டினார். முறுக்குத் தண்டுகளைப் பழையபடி திருப்பி வைத்ததும் அதுவும் நேராயிற்று.

அந்த ஞாயிறு மாலை சுங்கையில் மழை. பல்கலைக்கழக விடுதிக்குச் சென்று சேர்ந்ததும் மகள் தொலைபேசியில் அழைத்து, சேர்ந்துவிட்டேன் என்றாள். காரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியரும் கேட்கவில்லை.

மடிந்த பழைய உத்தரம் பட்டறை வாசலில் ஒரு வாரம் கிடந்தது. அதைக் குறுக்காக அளந்து பார்க்கும்படி புதிதாக வேலைக்கு வந்த பையன்களைப் பெரியவர் ஏவினார். எல்லாரும் அளந்தானபின், வெட்டும் பொறியை எடுத்து அதை நடுவில் இரண்டாக வெட்டினார். பழைய இரும்புக்காரர் முழுதாகக் கொடுத்தால் கூடுதலாகத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். இரு துண்டுகளாகவே அது எடைக்குப் போயிற்று.